ஓவன்ல உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் மொறுமொறுன்னு வரவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

இட்லிப்பானை:

எல்லாருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு வீட்டுக்காரர் 28 லிட்டர் ஓடிஜி (கரண்ட் ஓவன்) ஒண்ணு வாங்கிக் குடுத்தார், ரெண்டு தடவ கேக் செஞ்சதோட சரி, இப்ப அது மேல ஊறுகா பாட்டில் அடுக்கி வச்சிருக்கேன். பொண்ணுக்கு 10 வயசு, பையனுக்கு 6, ரெண்டுக்கும் கடை ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் இல்லாம ஞாயித்துக்கிழமை விடியாது. வீட்லயே பொரிச்சுக் குடுக்கலாம்னா மிஞ்சின எண்ணெய என்ன பண்றதுங்கறது ஒரு ரோதனை, கொட்ட மனசு வராது, அதுலயே அப்பளம் அதுலயே தாளிப்புன்னு ஒரு வாரம் ஓடும். இவருக்கு வேற கொலஸ்ட்ரால் லேசா எட்டிப் பாக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார், சரி ஓவன்ல பண்ணுவோம்னு இறங்கினேன்.

மூணு தடவ பண்ணி மூணும் சொதப்பல். அரை கிலோ கிழங்கு, தோல் சீவி விரல் மொத்தத்துக்கு நறுக்கி, உப்பு, மொளகாத்தூள், ரெண்டு பெரிய ஸ்பூன் எண்ணெய் போட்டு பெரட்டி, ட்ரேல கொட்டி 180 டிகிரில 25 நிமிஷம். நடுவுல இருந்ததெல்லாம் ஆவில வெந்தாப்ல தொளதொளன்னு இருக்கு, ஓரத்துல இருந்தது நுனி மட்டும் கரி. மொளகாத்தூள் கருகி வீடு பூரா நெடி, இருமிக்கிட்டே சாப்பிட்டோம். பையன் "அம்மா இது பொரியலா"ன்னு கேக்கறான். அடில அலுமினியம் ஃபாயில் போட்டேன், பாதி கிழங்கு அதோடயே ஒட்டிக்கிட்டு வரல. என் தப்பா, இல்ல ஓவன்ல இது இப்படித்தான் வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ரவாலட்டு:

ஓவன்ல நல்லாவே வரும்மா, கவலப்படாதே. நானும் ஆரம்பத்துல இதே கூத்துதான் அடிச்சேன்.

கிழங்குல கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணிதான், அந்தத் தண்ணி வெளில போற வழிய நீ பண்ணிக் குடுக்கணும், அவ்வளவுதான் விஷயம். அரை கிலோவையும் ஒரே ட்ரேல கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கும், அதுலேர்ந்து வர்ற ஆவிலயே பக்கத்துல இருக்கறது வெந்துடும், நீ பண்ணினது ஃப்ரைஸ் இல்ல, இட்லி மாதிரி ஆவில அவிச்சிருக்கே (பேர வேற இட்லிப்பானைன்னு வச்சிருக்கே!). ஒண்ணுக்கொண்ணு இடிக்காம ஒரே வரிசையா பரப்பணும், உன் ட்ரேக்கு அரை கிலோ ரெண்டு ஈடு வரும்.

அடுத்தது சூடு. 180 பத்தாது. மேல் ராடு கீழ் ராடு ரெண்டும் ஆன்ல வச்சு 220ல ஒரு 15 நிமிஷம் காலி ட்ரேயோட சூடு பண்ணு, கிழங்க அதுல போடும்போது சுர்ர்னு சத்தம் வரணும், சத்தம் வரலன்னா ஓவன் இன்னும் காயல. சூடான ட்ரேல போட்டா ஒட்டவும் ஒட்டாது. ஃபாயில் வேணாம். பட்டர் பேப்பர்னு கடைல குடுக்கறானே, அதுல சிலது மெழுகு தடவினது, ஓவன்ல வச்சா புகையும், பேக்கிங் பேப்பர்னு போட்டு எவ்வளவு டிகிரி வரைக்கும் தாங்கும்னு அட்டைல இருந்தா மட்டும் வாங்கு. என்னக் கேட்டா வெறும் ட்ரேதான் பெஸ்ட்.

நறுக்கினத பச்சத் தண்ணில அரை மணி நேரம் போட்டு வை, தண்ணி கலங்கலா வரும், மேல இருக்கற மாவும் கொஞ்சம் சர்க்கரையும் போயிடும், அதனால நுனி சீக்கிரம் கருகாது. அப்புறம் கொதிக்கிற தண்ணில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு 5 நிமிஷம் வேக விடு. வினிகர் எதுக்குன்னு கேப்பே, வத்தக்குழம்புல புளித்தண்ணி ஊத்தினப்புறம் கிழங்கு போட்டா லேசுல வேகாதுல்ல, அதே சங்கதிதான், புளிப்பு இருந்தா கிழங்கு குழையாம வெளிப்பக்கம் உருப்படியா நிக்கும். வினிகர் இல்லன்னா எலுமிச்சம்பழம் பிழி. வடிகட்டி துணில பரப்பி நல்லா காய விடணும், இத மட்டும் அவசரப்படாதே, தொட்டா ஈரம் இருக்கவே கூடாது. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய், ஒரு சின்ன ஸ்பூன் அரிசி மாவு, அவ்வளவுதான் பெரட்டறதுக்கு. 20 நிமிஷம் கழிச்சு திருப்பிப் போட்டு இன்னொரு 10, 12 நிமிஷம், கண்ணு பாத்து எடு, ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி.

உப்பு, மொளகாத்தூள் எல்லாம் வெளில எடுத்தப்புறம். முன்னாடியே உப்பு போட்டா தண்ணி விட்டுக்கும்.


சும்மா_ஒரு_ஆளு:

ஊற வை, வேக வை, துணில காய வை, ரெண்டு ஈடா சுடு... இதுக்கு பேசாம மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய்ல பொரிச்சு சந்தோஷமா சாப்பிட்டுட்டுப் போலாமே? 1500 வாட்ஸ் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினா கரண்ட் என்னாவுறது. அதுவும் இல்லாம ஓவன்ல செஞ்சதுன்னா ஹெல்தின்னு நெனச்சுக்கிட்டு தட்டு தட்டா உள்ள தள்றவங்கள எங்க வீட்லயே பாத்திருக்கேன். கிழங்கு கிழங்குதான்.


ரவாலட்டு:

@சும்மா_ஒரு_ஆளு தம்பி நீங்க சொல்றதுல பாதி சரி. கணக்கு பாருங்க, அரை கிலோ பச்சக் கிழங்குல 385 கலோரி வருது, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் 120, ஆக மொத்தம் 500 சில்லற, நாலு பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு 125ன்னு வச்சுக்குங்க. கடைல பொரிச்சது 100 கிராமே 300 கலோரி தாண்டும், அதுல 15 கிராம் வரைக்கும் கொழுப்பு. பொரிக்கும்போது தண்ணி வெளில போற எடத்துல எண்ணெய் போய் உக்காந்துக்குது, எவ்வளவு குடிச்சுதுன்னு நாம அளக்க முடியாது, ஓவன்ல நான் ஊத்தினதுதான் உள்ள போவுது. கரண்ட், சூடு ஏறினதும் தானா கட் ஆகி கட் ஆகித்தான் ஓடும், ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒண்ணரை யூனிட்டுக்குள்ளதான். ஆனா தட்டு தட்டா திங்கறதுக்கு மருந்து கிடையாது, அது நீங்க சொன்னது சரி.


மண்டித்தெரு:

ஏனுங்க அல்லாரும் அடுப்பப் பத்தியே பேசறீங்க, கெழங்கு எந்தக் கெழங்குன்னு ஒருத்தரும் கேக்கலியே. நாங்க மேட்டுப்பாளையமுங்க, கெழங்கு மண்டிலயே வளந்தவன், சொல்லாம இருக்க முடியல.

ஊட்டிக் கெழங்குன்னு செம்மண்ணோட வருதே, கொழம்புக்கும் மசாலுக்கும் அத அடிச்சுக்க ஆளில்லீங்க. ஆனா புதுசா தோண்டி வந்ததுன்னா, கட்ட வெரல்ல தேச்சாலே தோலு உரிஞ்சு வருமே அந்தப் பதத்துல இருந்தா, தண்ணி ஜாஸ்தி, இதுக்கு ஆவாது. (வேற ஊருக் கெழங்குல செம்மண்ணப் பூசி ஊட்டின்னு விக்கறவிங்களும் உண்டு, அது தனிக்கத.) ஆக்ரா பக்கத்துக் கெழங்கு வேற மாதிரி வம்பு. அங்க பிப்ரவரி மார்ச்சுல தோண்டி குளிர்க்கெடங்குல 2லருந்து 4 டிகிரில வெச்சு வருசம் பூராவும் கொஞ்சங் கொஞ்சமா வெளிய எடுப்பாங்க. அந்தக் குளிருக்கு கெழங்குல இருக்கற மாவு சக்கரையா மாறுமுங்க, வாயில போட்டா லேசா இனிப்படிக்கும். அதக் கொண்டாந்து ஓவன்ல வெச்சா உள்ள வேகறதுக்குள்ள வெளிய செவந்து கருகிப் போயிரும். உங்களுக்கு நுனி கரியானதுக்கு இதுவும் காரணமா இருக்கலாமுங்க. அந்த மாதிரி கெழங்கு வந்துதுன்னா ஃப்ரிட்ஜுல வெக்காம காத்தாட ஒரு கூடைல போட்டு ஒரு பத்து நாளு விடுங்க, சக்கரை கொஞ்சம் எறங்கிரும்.

சிப்சு கம்பெனிக்காரங்க இதனாலயே தனி ரகம் வாங்கறாங்க, சிம்லால இருக்கற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல உண்டாக்குன குஃப்ரி சிப்சோனா, அப்பறம் ஃப்ரைசுக்குன்னே குஃப்ரி ஃப்ரைசோனா. அதெல்லாம் காயி வாங்கற கடைல நம்மாளுக கேட்டா முழிப்பாங்க. அதனால வீட்லயே ஒரு சோதனை பண்ணுங்க. கால் டம்ளர் தூளுப்புக்கு ரெண்டே முக்கா டம்ளர் தண்ணி, நல்லா கரைச்சு கெழங்க உள்ள போடுங்க. அடில உக்காந்தா மாவுக் கெழங்கு, ஃப்ரைசுக்கு எடுத்துக்குங்க. மெதந்தா கொழம்புக்கு. விதநெல்லு தேத்தறதுக்கு முட்டையப் போட்டு உப்புத்தண்ணி கரைப்பாங்களே, அந்தக் கததானுங்க இதுவும்.

பச்ச படிஞ்ச கெழங்கு, மொள விட்டது ரெண்டும் வேண்டாமுங்க, கொழந்தைங்களுக்குக் குடுக்கறீங்க.


ஓமப்பொடி:

நல்ல விவரம் மண்டித்தெரு அண்ணா, உப்புத்தண்ணி மேட்டர் சூப்பர். நான் ஒண்ணு சேத்துக்கறேன். கருகினத பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. மாவுச்சத்து உள்ள பொருள 120 டிகிரிக்கு மேல பொரிச்சாலோ சுட்டாலோ அக்ரிலமைடுன்னு உடம்புக்கு ஆகாத ஒண்ணு உண்டாகுது, 2002ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்சு சொன்னாங்க, எவ்வளவு செவக்குதோ அவ்வளவு ஜாஸ்தி. அதுக்காக பயந்து நடுங்க வேணாம், பொன்னிறம் வந்ததும் எடுத்துடணும், ப்ரவுன் ஆகுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஊற வைக்கிறதும் இதக் குறைக்கும். ஓவன்ல செஞ்சா இது வராதுன்னு சிலர் சொல்றாங்க, தப்பு, ஓவன்லயும் வரும்.

அப்புறம் எங்க மாமனாருக்கு சுகர், அவருக்கும் ஆசை விடல. அவருக்கு மட்டும் சேனைக்கிழங்குல பண்ணிப் பாத்தேன், மொறுமொறுன்னு ஆனா கொஞ்சம் வறட்டு ரகம், மோர் சாதத்துக்கு தொட்டுக்க ஓகே. அளவா அஞ்சாறு துண்டுதான் வைப்பேன், சேனையும் மாவுதானே. சர்க்கரைவள்ளி முயற்சி பண்ணாதீங்க, இனிப்பு ஜாஸ்தி, வெளில கரி உள்ள அல்வா.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வச்சிருக்கறவங்க ஸ்டீல் தட்டு, இரும்பு ட்ரே எல்லாம் கன்வெக்‌ஷன் மோட்ல மட்டும்தான் வைக்கணும், மைக்ரோவேவ் மோட்ல வச்சீங்கன்னா தீபாவளிதான்.


இட்லிப்பானை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து பண்ணிட்டேன்!!

காந்தி மார்க்கெட்ல அரை கிலோ மண்ணோடயும் அரை கிலோ வெள்ளையாவும் வாங்கிட்டு வந்து அண்ணா சொன்ன உப்புத்தண்ணில போட்டேன், மண் கிழங்குல ரெண்டு மிதந்துது மத்தது முங்கிடுச்சு, வெள்ளை அத்தனையும் முங்குச்சு. பசங்க ரெண்டும் சயின்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி கிழங்க எடுக்கறதும் போடறதுமா அடுப்படிய ஈரம் பண்ணிட்டாங்க, அது வேற. வினிகர் இல்ல, எலுமிச்சம்பழம்தான் பிழிஞ்சேன், துளி கூட குழையல. அரிசி மாவுதான் ரவாலட்டு அக்கா பெரிய வித்தியாசம், கடிச்சா சத்தம் வருது. ஆனா வெள்ளைக் கிழங்குல செஞ்ச ஈடு 20 நிமிஷத்துலயே நல்லா செவந்துடுச்சு, ஓமப்பொடி சொன்னத நெனச்சு பயந்து சீக்கிரம் எடுத்துட்டேன், நடுவுல கொஞ்சம் மெத்துன்னுதான் இருந்துது. மிச்ச கிழங்க கூடைல போட்டிருக்கேன் பத்து நாளைக்கு.

பையன் ஒண்ணும் சொல்லல, தட்டு காலி. பொண்ணுதான் கடைல வாங்கறது இன்னும் மெல்லிசா நீளமா இருக்கும்னு குறை சொன்னா.

ஒரே ஒரு டவுட். மொத ஈடு எடுத்து ஹாட்பேக்ல போட்டு மூடி வச்சுட்டு ரெண்டாவது ஈடு வச்சேன், கால் மணி நேரத்துல மொத ஈடு பழையபடி தொளதொளன்னு ஆயிடுச்சு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னா என்ன பண்றது?


ரவாலட்டு:

ஐயோ ஹாட்பேக்ல போடலாமாம்மா, சூடா மூடினா உள்ள ஆவி வேர்த்து திரும்ப ஈரம் ஆயிடும், அப்பளத்த ஹாட்பேக்ல வைப்பியா நீ? மொத ஈட ஒரு கம்பி ஸ்டாண்ட் மேல தொறந்தே வை. ரெண்டாவது ஈடு முடியப் போற சமயத்துல மொத ஈட்டையும் அதே ட்ரேல கொட்டி ஒரு 3 நிமிஷம் உள்ள தள்ளு, அந்த நேரத்துக்கு இடிச்சிக்கிட்டு கெடந்தா பரவால்ல, தண்ணிதான் ஏற்கனவே போயாச்சே. உப்பு அதுக்கப்புறம் ரெண்டுக்கும் சேத்துப் போடு.

மெல்லிசா வேணும்னா அரை விரல் மொத்தத்துக்கு நறுக்கு, ஆனா கொதிதண்ணில 3 நிமிஷத்துக்கு மேல விடாதே, உடைஞ்சுடும்.