ஜேஇ ஊசியில் எலி மூளையா? இந்தப் பொய்யை யார் நிறுத்துவது?

விருதைக்காரன்: நம் இணைய மன்றத்தின் குழந்தை வளர்ப்பு இழையில் இயற்கைவழி என்பவர் நேற்று எழுதியது இது: "ஒன்பது மாதத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் (ஜேஇ) ஊசி எலி மூளையில் தயாராகிறது. போடாதீர்கள்." படித்ததும் கொதித்துவிட்டது. எலி மூளை ஊசி ஒரு காலத்தில் இருந்தது, இமாச்சலத்துக் கசௌலியில் தயாரித்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2005-ல் உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர்ப் பக்கம் மூளைக்காய்ச்சலால் ஆயிரத்துக்கு மேல் உயிர் போனபின், 2006-ல் அரசு போடத் தொடங்கியது எஸ்ஏ 14-14-2 என்ற ஊசி. வீரியம் குறைத்த வைரஸ். மூளை எங்கே வந்தது இதில்? கடலூர், விழுப்புரம் தாய்மார்கள் படிக்கிற இடம் இது.

இயற்கைவழி: கசௌலியை நீங்களே ஒத்துக்கொண்டதற்கு நன்றி ஐயா. புது ஊசி எதில் வளர்கிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே? ஹாம்ஸ்டர் சிறுநீரகச் செல்லில். ஹாம்ஸ்டர் எலி இல்லாமல் பூனையா?

விருதைக்காரன்: மூளையிலிருந்து சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டீர்கள். பழைய ஊசியில் மூளைத் திசுவால் நரம்புப் பாதிப்பு வருமோ என்றுதான் பயந்தார்கள். ஜப்பானே 2005-ல் அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டு, பிறகு செல் வளர்ப்பு ஊசிக்கு மாறியது. செல் வளர்ப்பில் மூளைத் திசுவே கிடையாது.

இயற்கைவழி: எலியா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

நடவுக்காரன்: அண்ணே, எங்கள் ஊரில் பன்றியே இல்லை. மாடுதான். வைரஸ் பன்றியில்தானே பெருகும்? அப்புறம் எங்கள் பிள்ளைக்கு எதற்கு ஊசி?

விருதைக்காரன்: மாட்டில் பெருகாது, சரி. வயலில் கொக்கு இறங்குவதில்லையா? கொக்கு, நாரை உடம்பிலும் இந்த வைரஸ் பெருகும். நட்ட வயலில் நிற்கிற தண்ணீரில்தான் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. பக்கத்து ஊர்ப் பன்றியைக் கடித்த கொசு உங்கள் ஊர் எல்லையில் நின்றுவிடுமா? 1955-ல் இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டறிந்ததே நம் வேலூரில். வடக்கத்தி நோய் என்று ஒதுக்க முடியாது.

நடவுக்காரன்: கொக்கு ஆயிரம் வருடமாக வருகிறது. கொக்கால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. ஆதாரம் காட்டுங்கள்.

இருபிள்ளைத்தாய்: எலி, பன்றி, கொக்கு எல்லாம் பேசுகிறீர்கள். குழந்தையை யாரும் பேசவில்லை. தொற்றினால் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். முற்றினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை சாவு. பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், பேச்சு போவது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. என் அண்ணன் மகன் பிழைத்தவன்தான். பன்னிரண்டு வயதாகிறது, இன்னும் அண்ணிதான் ஊட்டிவிடுகிறாள்.

இயற்கைவழி: உங்கள் வருத்தம் புரிகிறது சகோதரி. ஆனால் 249 பேர் தப்புகிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோரக்பூரில் ஊசி போட்டபின்னும் குழந்தைகள் சாகவில்லையா?

இருபிள்ளைத்தாய்: அந்த ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான். உங்கள் சகோதரி பட்டம் எனக்கு வேண்டாம்.

விருதைக்காரன்: கோரக்பூரில் பின்னாளில் வந்த மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு ஸ்க்ரப் டைபஸ் என்று கண்டுபிடித்தார்கள். அது பாக்டீரியா. ஜேஇ ஊசி ஜேஇயைத்தான் தடுக்கும். டெங்கு இழையிலும் இப்படித்தான், நிலவேம்பு குடித்தால் போதும் என்று மூன்று பக்கம் ஓட்டினீர்கள். கேள்வி கேட்டதும் காணாமல் போனீர்கள்.

இயற்கைவழி: நான் ஓடவில்லை, இழையைப் பூட்டினார்கள். பூட்டச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

தென்பெண்ணை: எலிதான் பிரச்சினை என்றால் ஜென்வாக் என்ற ஜேஇ ஊசி இருக்கிறதே? கோலாரில் எடுத்த வைரஸிலிருந்து ஐதராபாத்தில் செய்தது. 2013-லேயே வந்துவிட்டது. வெரோ செல்லில் வளர்ப்பது, செயலிழந்த வைரஸ்.

இயற்கைவழி: வெரோ என்றால் குரங்குச் சிறுநீரகம். எலி போய்க் குரங்கு வந்தது டும் டும் டும்!

விருதைக்காரன்: போலியோ ஊசியையும் வெரோ செல்லில்தான் வளர்க்கிறார்கள். சரி, இவரிடம் பேசிப் பயனில்லை, தாய்மார்களுக்குச் சொல்கிறேன். நோயுள்ள மாவட்டங்களில் ஒன்பது மாதம் முடிந்ததும் எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) ஊசியோடு முதல் தவணை. பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டாவது. கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். காசு கிடையாது.

இயற்கைவழி: இலவசமாகக் கொடுத்தால் எதையும் போட்டுக்கொள்வீர்களா? ஹாம்ஸ்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

விருதைக்காரன்: பதில் மேலே இருக்கிறது. படியுங்கள்.

நடவுக்காரன்: கொக்குக்கு ஆதாரம் கேட்டேனே அண்ணே, அது எங்கே?