உதவி தேவை: என்னைக் கேட்காமல் என் பெயரில் வந்த ஆய்வுக்கட்டுரை

பெங்களூரு_பிஜி:
எம்.டி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். தீசிஸுக்காக ஆறு மாதம் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் புரட்டி ஏற்றிய எக்செல் ஷீட்டை வைத்து, வேலையை விட்டுப் போன சீனியர் ஒருவர் கட்டுரை போட்டுவிட்டார். நேற்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில்தான் பார்த்தேன். மூன்றாவது பெயர் என்னுடையது. அதில் போட்டிருக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண், என் தீசிஸுக்குக் கொடுத்தது. துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) "பேர்தான் வந்திருக்கே, விடும்மா" என்கிறார். தூக்கமே வரவில்லை. பெயரை மட்டும் எடுக்கச் சொன்னால் போதுமா?

மல்லேஸ்வரம்_அக்கா:
போதாதும்மா. எழுதியவர் யார் என்ற தகராறு மட்டும் என்றால் ஜர்னல் பெரும்பாலும் திருத்தம் போட்டு முடித்துவிடும். முடிவுகளில் சந்தேகம் இல்லாதபோது அதற்காக மட்டும் கட்டுரையைத் திரும்பப் பெறுவது (ரிட்ராக்‌ஷன்) வழக்கமில்லை என்று, ஜர்னல்களுக்கு நெறிமுறை வகுக்கும் கோப் (COPE) அமைப்பின் 2019 வழிகாட்டியே சொல்கிறது. அனுமதியில்லாத தரவு அப்படியில்லை, ரிட்ராக்‌ஷனுக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. கடிதத்தில் முதல் பத்தி அதுவாகவே இருக்கட்டும்.

பாந்த்ரா_தம்பி:
சீனியர்கிட்ட போன்ல பேசிப் பாருங்களேன்? பழைய கேஸ் ஷீட்தானே, நோயாளியைத் தொடவே இல்லையே.

மல்லேஸ்வரம்_அக்கா:
தம்பி, பழைய ரெக்கார்டாக இருந்தாலும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகணும். நோயாளியின் சம்மதம் வேண்டாம் என்று விலக்குத் தருவதும் அந்தக் கமிட்டிதான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி. நம்மை நம்பி வியாதியைச் சொன்னவர்களின் விவரம் அது.

புள்ளியியல்_அண்ணன்:
2020-ல் லான்செட் மருத்துவ ஜர்னலில், கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி வந்த கட்டுரை ஞாபகம் இருக்கா? 671 மருத்துவமனை, 96,032 நோயாளிகள் என்று கணக்கு. மூலத் தரவைத் தணிக்கைக்குத் தர, அந்தத் தரவை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மறுத்ததும், எழுதிய நால்வரில் மூவர் தாங்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மே 22-ல் வந்தது, ஜூன் 4-ல் போனது. நீங்களும் எழுதலாம் தங்கச்சி, பெயர் இருப்பதால் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஒன்று மட்டும்: எடிட்டருக்கு நோயாளி விவரம் இருக்கும் ஷீட்டை அனுப்பிவிடாதீர்கள். அனுமதிக் கடிதமும், இறுதிப் பிரதியை நீங்கள் பார்க்கவில்லை என்ற வரியும் போதும். எத்திக்ஸ் கமிட்டி செயலருக்கும் நகல் போடுங்கள்.

பெங்களூரு_பிஜி:
அனுப்பிவிட்டேன் அண்ணா, அக்கா சொன்னபடி அனுமதியில்லாத தரவு விஷயத்தை முதல் பத்தியில் வைத்து. ஹெச்.ஓ.டி.க்கும் நகல் போட்டேன். காலை எட்டு மணி ரவுண்ட்ஸில் அவர் முகத்தைப் பார்க்கணும்.

மல்லேஸ்வரம்_அக்கா:
ரவுண்ட்ஸ் முடிந்ததும் எழுதும்மா. நான் இங்கேதான் இருப்பேன்.