வாடிக்கையாளருக்காக எடுத்த படங்களைப் பிறருக்கு விற்கலாமா?

வணக்கம். ஒரு குடும்பத்தினர் கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படங்களில் சிலவற்றை, விளம்பரங்களுக்குப் படம் விற்கும் நிறுவனம் ஒன்று என்னிடம் விலைக்குக் கேட்கிறது; மறுவிற்பனை குறித்துக் குடும்பத்தினரோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ பதிப்புரிமையைப் படம் எடுத்தவரிடம் விட்டுவிட்டு, சொந்த, குடும்பத் தேவைக்காக எடுத்த படங்கள் வெளியாவதைத் தடுக்கும் உரிமையை எடுக்கச் சொன்னவருக்குத் தருகிறது. சட்டம் எதுவானாலும், குழந்தைகளின் முகம் உள்ளவற்றை விற்க எனக்கு மனமில்லை. மற்றவற்றுக்கு அனுமதி கேட்கும்போது வருவாயில் பங்கு தருவதாகச் சொல்வது நியாயமா, அல்லது மறுக்கத் தயங்க வைக்கும் நெருக்குதலாகிவிடுமா? நீங்கள் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தின் வாசகத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.