"எலிக்குத்தானே, மனிதருக்கு நிரூபிக்கவில்லை" என்கிறார்கள், சரியா?

முரசுமோட்டைத் தம்பி:
எங்கள் வயலுக்குக் களைநாசினி அடிப்பது அப்பாதான். கையுறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. அதிலுள்ள கிளைபோசேட்டால் புற்றுநோய் வருமா என்று கேட்டால் விவசாய மருந்துக்கடையில் "அது எலியில் செய்த சோதனை, மனிதருக்கு ஒன்றும் நிரூபிக்கவில்லை" என்கிறார்கள். மனிதரில் ஆய்வே செய்யவில்லையா? செய்திருந்தால் ஏன் ஆளுக்கொரு கதை?

மாங்குளத்தான்:
செய்திருக்கிறார்கள் தம்பி. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து அடிப்பவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் 1993 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள், ஏறத்தாழ 89,000 பேர். 2018இல் வந்த அவர்களின் அறிக்கையில், கிளைபோசேட் அடித்தவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற வகையில் சேர்த்தது. விலங்குகளில் சான்று போதுமானது, மனிதரில் குறைவு என்றுதான் அவர்களும் சொன்னார்கள். இதனால் புற்றுநோய் வர வழி உண்டா என்பது அவர்கள் பார்த்த கேள்வி. எவ்வளவு பட்டால் ஆபத்து எவ்வளவு கூடும் என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலந்துதான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

அப்புறம், எலியில் வந்தால்தான் மனிதருக்கும் வரும் என்றும் இல்லை. ஆர்சனிக் புற்றுநோய் தரும் என்பது தாய்வான் போன்ற இடங்களில் கிணற்றுத் தண்ணீர் குடித்த சனங்களிடமிருந்துதான் தெரியவந்தது, ஆய்வகத்து விலங்குகளில் அதை நீண்ட காலம் காட்ட முடியவில்லை.

செட்டிகுளம் அக்கா:
தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போவதும், யாருமே தேடாததும் ஒன்றல்ல. கடைக்காரர் சொல்லும் "நிரூபிக்கவில்லை" என்பதில் இரண்டும் அடங்கிவிடுகிறது. அயோவாக்காரர் டிராக்டரில் அடிக்கிறார், நாங்கள் முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு, நனைந்த சறத்தோடு வெயிலில் நிற்கிறோம். அங்கே வந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. சிறுநீரில் பார்க்கலாமே என்பார்கள், ஆனால் கிளைபோசேட் சில நாட்களில் வெளியேறிவிடும், இருபது வருடம் அடித்த கணக்கு அதில் தெரியாது. எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. யார் எந்தக் கிணற்றில் குடித்தார், எந்த மருந்து அடித்தார் என்பது தெரிந்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வு நிற்கும். போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009இல் முகாமுக்கு வந்த சனத்திடம் அந்தக் கணக்கு எங்கே இருக்கும்? விவசாயிகளிடம் காணப்படும், வவுனியாவிலும் பரவியிருக்கும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இன்னும் ஒரே காரணம் என்று முடிவாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இலங்கையில் 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், ஆனால் அடித்தவர்களைப் பதிந்து தொடர்ந்து பார்க்கும் வேலைதான் முதலில் நடந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்து பாருங்கள். என்ன மருந்து, எந்தப் போகம், எத்தனை டாங்கி என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

முரசுமோட்டைத் தம்பி:
நன்றி அக்கா. பழைய மருந்துகளின் பெயர் அப்பாவுக்கு நினைவில்லை, போத்தலின் நிறம்தான் சொல்கிறார். அதையும் எழுதலாமா?

செட்டிகுளம் அக்கா:
எழுதுங்கள், வாங்கிய கடையையும் சேர்த்து. கையுறையும் பூட்ஸும் இந்தப் போகத்துக்கே வாங்கிக் கொடுங்கள், அதற்கு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.