60,000 ரூபாய்க்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: கடையில் கொடுத்த பட்டியல் சரிதானா?

மலையூரான், ஏற்காடு:

வணக்கம். நான் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். வீடு ஏற்காட்டில் இருக்கிறது. கேம் விளையாடுவதற்கென்று முதன்முறையாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய இருக்கிறேன். 1080பி மானிட்டர் ஒன்று வீட்டில் இருப்பதால் அதற்குச் செலவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து, 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட, 60,000 ரூபாய்க்கு மேல் வீட்டில் கேட்க முடியாது.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தபோது, ரைசன் 5 5600ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ராம், ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்.எஸ்.டி., கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கு ஃபேன்களும் கொண்ட கேபினட் என்று எழுதிக் கொடுத்தார்கள். எஸ்.எம்.பி.எஸ். (உள்ளிருக்கும் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, அது கேபினட்டோடே வருகிறது, 500 வாட், தாராளமாகப் போதும் என்றார்கள்.

வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 ஆகியவற்றோடு புதிதாக வரும் பெரிய கேம்களையும் ஆட விரும்புகிறேன். ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடும் எண்ணமும் உண்டு. இந்தப் பட்டியலையே வாங்கலாமா?

அஸ்தம்பட்டி மெக்கானிக்:

தம்பி, பட்டியலில் உள்ள பொருள்கள் தனித்தனியே பார்த்தால் மோசமில்லை. ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. 6500 எக்ஸ்.டி. கார்டு மதர்போர்டோடு தரவைப் பரிமாறிக்கொள்ள நான்கு பி.சி.ஐ.இ. லேன்களை, அதாவது தரவு செல்லும் பாதைகளை, மட்டுமே பயன்படுத்துகிறது. அவை நான்காம் தலைமுறை லேன்களாக இருந்தால் ஒருவாறு சமாளிக்கும். ஆனால் 5600ஜி பிராசசரும் சரி, பி450 போர்டும் சரி, மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுபவை என்பதால் இருக்கிற கொஞ்ச வேகமும் பாதியாகிவிடும். கார்டில் உள்ள 4 ஜிபி நிரம்பி, கேம் ராமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும் நேரத்தில், படம் திக்கித் திக்கி ஓடுவதை நீங்களே பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு, வீடியோ பதிவுக்கு உதவும் ஹார்டுவேர் என்கோடரும் அந்தக் கார்டில் கிடையாது.

தனிக் கார்டு வாங்குவதாக இருந்தால், உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி-க்குப் பதில் ரைசன் 5 5600 கேளுங்கள். ஆறு கோர்கள் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்) 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி. கார்டு ஆர்.எக்ஸ். 6600 ஆக இருக்கட்டும். 8 ஜிபி நினைவகமும் எட்டு லேன்களும் உள்ள அந்தக் கார்டு 1080பி திரைக்குப் பொருத்தமானது; மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனாலும் கவலைப்பட வேண்டாம். ராம் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக இருந்தால்தான் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடும். பணம் குறைந்தால் கண்ணாடியிலும் விளக்கிலும் குறையுங்கள். முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேபினட்டே சேலத்து வெயிலுக்கு நல்லது.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இப்போது என் மேசையில் பழுதுக்காகக் கிடக்கிறது. அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 192 வாட்தான் வருகிறது. கார்டும் பிராசசரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் மின்சாரம் எடுக்கின்றன. 6600 கார்டுக்கு 132 வாட், 5600 பிராசசருக்கு 65 வாட் என்றால் அதற்குள்ளேயே கணக்கு தாண்டிவிடுகிறது. அந்த எஸ்.எம்.பி.எஸ்.-இல் கார்டுக்கு வேண்டிய எட்டு முள் கனெக்டரும் இல்லை. உங்களுக்கு 550 வாட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல், ஐந்தாண்டு வாரண்டி உள்ளதாகப் பாருங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

சூரமங்கலம்:

நான் சற்று வேறுபடுகிறேன். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறி நிற்கும் நிலையில், மேலே சொன்ன எல்லாம் 60,000 ரூபாய்க்குள் அடங்காமல் போகலாம். அப்படியானால் 5600ஜி, இரண்டு ஸ்டிக் ராம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இப்போது வாங்கிவிட்டு, கார்டைப் பிறகு சேர்க்கலாம். உள்ளிருக்கும் வேகா கிராஃபிக்ஸிலேயே வேலரன்ட் நன்றாக ஓடும், ஜி.டி.ஏ. 5-உம் அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். புதிய பெரிய கேம்களுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அரைகுறையான ஒரு 4 ஜிபி கார்டுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட இது மேல்.

அஸ்தம்பட்டி மெக்கானிக்:

அதுவும் நியாயமான வழிதான். பின்னர் 6600 போட்டால், எட்டு லேன்கள் இருப்பதால், மூன்றாம் தலைமுறையிலும் இழப்பு பெரிதாக இராது.

காப்பித் தோட்டம்:

மலையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், கம்ப்யூட்டர் வைக்கப்போகும் அறையின் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் மூன்றாவது ஓட்டை பெயரளவுக்குத்தான் இருக்கும். கோடை மழையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டுமின்றி பிராட்பேண்ட் வயரையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க அது போதும், விளையாட்டைத் தொடரப் போதாது. இதற்கான பணத்தை 60,000-க்குள்ளேயே ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, சேலத்தில் பொருத்தி மேலே கொண்டுவருவதாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து எடுத்து வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தக் கனம் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால் ஸ்லாட் விட்டுப்போகும். கேபினட்டை மதர்போர்டு அடியில் இருக்கும்படி படுக்கவைத்து, பின்சீட்டில் போர்வை விரித்து வையுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர நினைக்க வேண்டாம்.

மலையூரான்:

அனைவருக்கும் நன்றி. கடையில் மீண்டும் பேசினேன். 5600, 6600, இரண்டு ஸ்டிக் ராம், தனியாக 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள், யு.பி.எஸ். தொகையையும் ஒதுக்க வேண்டியிருப்பதால் பி450 போர்டு அப்படியே இருக்கிறது. அதில் 5600 ஓடுமா அண்ணா?

அஸ்தம்பட்டி மெக்கானிக்:

பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதியதாக இருந்தால் ஓடும். பழைய பயாஸாக இருந்தால் திரையே வராது என்பதால், கடையிலேயே அப்டேட் செய்து, ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். அங்கேயே பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை (ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை) ஆன் செய்யச் சொல்லுங்கள்; இல்லையேல் 3200 ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் திறக்க டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் இயங்க வேண்டும். அவையும் அதே பயாஸில்தான் இருக்கின்றன. பில்லில் ஒவ்வொரு பொருளின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனியே வரவேண்டும். வீட்டில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். 5600-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது.