கடல் ரேடியோவின் 16ஆம் சானலில் அபயக்குரல் கேட்டவர்கள் எழுதுங்கள்

கல்கிசைப் படகுக்காரன்:

போன பெப்ரவரியில் நடந்தது. கடல் குளம்போலக் கிடந்தது. நானும் மச்சானும் அறுக்குளா பிடிக்கக் கல்கிசைக்கு நேரே நாலு மைல் வெளியே நின்றோம். 21 அடி பைபர் படகு, அதில் பொருத்திய விஎச்எஃப் ரேடியோ (படகுகள் பேசிக்கொள்ளும் ரேடியோ) ஒன்று. காலை ஏழரை இருக்கும், ரேடியோ அலறத் தொடங்கியது. அது டிஎஸ்சி அபாய அழைப்பு, ஆபத்தில் இருப்பவர் பட்டனை அழுத்தினால் படகின் எண்ணையும் இடத்தையும் ரேடியோவே அனுப்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கை தானாக அதை நிறுத்தும் பட்டனுக்குத்தான் போகும். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் அழுத்தினேன். திரையில் இருந்த இலக்கங்கள் போய்விட்டன. ரேடியோவின் பதிவில் அவை கிடக்கும் என்று அப்போது தெரியாது. அது யார், கரை சேர்ந்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கவலை என்னை விட்டுப் போகவில்லை.

இந்த முறை "மச்சான், எழுது!" என்று கத்தினேன். காகிதம் இல்லை. ஐஸ் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினான். அந்தப் படகின் ரேடியோவுக்குரிய ஒன்பது இலக்க எண், இலங்கைக்குரிய 417இல் தொடங்கவில்லை. அப்படியென்றால் இலங்கைப் படகு இல்லை. 6 பாகை 49 கலை வடக்கு, 79 பாகை 43 கலை கிழக்கு. காரணம், படகுக்குள் நீர் புகுகிறது. எங்களிடமிருந்து ஐந்து மைலுக்குள்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். 70ஆம் சானலில் வரும் அந்த அழைப்புக்கு டிஎஸ்சியிலேயே பதில் அனுப்பக் கூடாது, அது கரை நிலையத்தின் வேலை. யாராவது அப்படிப் பதில் அனுப்பினால் ஆபத்தில் இருப்பவரின் ரேடியோ திரும்பத் திரும்ப அழைப்பதை நிறுத்திவிடும். கரைக்கு விஷயம் போகாமலே முடிந்துவிடலாம். நாம் 16இல், அதாவது ஆபத்தில் வாயால் பேசும் சானலில், காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கரை பேசாவிட்டால் வாயால் பதில் சொல்லி, செய்தியைக் கரைக்குக் கடத்த வேண்டும்.

காத்திருந்தோம். ஒரு பெண்குரல், "மேடே, மேடே, மேடே." உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் அழைப்பு அது. பாய்மரப் படகு, ஆட்கள் இரண்டு பேர். கரையிலிருந்து சத்தமில்லை. நாலு நிமிடம் கழித்து மறுபடி அதே அலறல். சரி, இனிக் காத்திருக்க முடியாது என்று மைக்கை எடுத்தேன். அவருக்கு "கேட்டது, வருகிறோம்" என்றேன். பிறகு 25 வாட்டில் "மேடே ரிலே" (அடுத்தவரின் அபாயச் செய்தியைக் கடத்துகிறேன் என்று அர்த்தம்) மூன்று தரம் சொல்லி, ஐஸ் பெட்டி மூடியில் இருந்ததை அப்படியே வாசித்தேன். கொழும்பு மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தைக் கடற்படைதான் நடத்துகிறது. அங்கிருந்து பதில் வந்தது, ஆனால் பாதியில் அறுந்து அறுந்து வந்தது. ஏனென்று அந்தப் பாய்மரப் படகுக்குப் பக்கத்தில் போனபிறகுதான் விளங்கியது.

படகின் பேட்டரி நீருக்குள் போய்விட்டது, பொருத்திய ரேடியோ செத்துவிட்டது. அந்த அம்மா கழுத்தில் கயிறு போட்டு ஒரு கைரேடியோவை மாட்டியிருந்தார். விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது, நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்த சின்ன ரேடியோ கரைவரை எட்டவில்லை. நாங்கள் பக்கத்தில் நின்றதால் எங்களுக்கு எட்டியது. அவர் பெருவிரல் பேசும் பட்டனிலேயே இருந்தது. பேசாதபோதும் விடவில்லை. பட்டன் அமுங்கியிருக்கும்வரை பக்கத்தில் யாருக்கும் அந்தச் சானல் கிடைக்காது. மெதுவாகச் சொல்லி விரலை எடுக்க வைத்தேன். விரல் நகம் வெள்ளையாகிப் போயிருந்தது.

கெண்டைக்கால் அளவு தண்ணீர். கடல்நீர்க் குழாய் ஒன்று கழன்றிருந்தது. அவர் கணவர் துவாயைச் சுற்றி மர ஆப்பை அடித்து ஓட்டையை அடைத்துவிட்டார், நல்ல வேலை. நாங்கள் வாளி கொடுத்து இறைத்தோம். கடற்படைப் படகு பம்புடன் வந்தது.

முகத்துவாரத்தான்:

அண்ணா, எங்கள் பக்கத்தில் சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ரேடியோவே இல்லை. போன வருடம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பைபர் படகில் இரண்டு பேர் கைகளை விரித்து மெதுவாக மேலே கீழே ஆட்டினார்கள். கை காட்டுகிறார்கள் என்று நானும் கை காட்டிவிட்டுப் போய்விட்டேன். கொஞ்ச தூரம் போனபிறகு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கையும் அப்படி ஆட்டினால் அது உதவிக்கான சைகை, உலகம் முழுக்க ஒன்றுதான். திரும்பி வந்தேன். என்ஜின் நின்று இரவு முழுக்க மிதந்திருக்கிறார்கள். குடிதண்ணீரும் முடிந்துவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் ரேடியோவில் ஜிபிஎஸ் தனியாக இணைக்க வேண்டுமா?

கல்கிசைப் படகுக்காரன்:

சில மாடலில் உள்ளேயே இருக்கிறது தம்பி, சிலதில் வயர் போட வேண்டும். இணைக்காமலும் இடத்தைக் கையால் பதியாமலும் சிவப்புப் பட்டனை அழுத்தினால் அழைப்பு போகும், இடம் போகாது. என்னுடையதில் அந்த வயர் உப்புப் பிடித்து விட்டுப்போயிருந்ததை அடுத்த ஞாயிறுதான் கண்டேன். மாற்றிவிட்டேன். ரேடியோவுக்குக் கீழே ஒரு பென்சிலும் சின்னக் கொப்பியும் நூலில் கட்டித் தொங்குகின்றன.