லெனோவோ திங்க்பேட் டி430 லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி சரியா வரும்?

கேள்வி:
டி430, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ரொம்ப இழுக்குது. இருக்கிற விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) மாத்த முடியுமா?

பதில் 1:
தாராளமா. 2.5 அங்குல சாட்டா (ஹார்டு டிஸ்க் மாட்டுற அதே இணைப்பு) எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன் பார்த்து வாங்குங்க. எம்.2 என்விஎம்இ (புது லேப்டாப்ல வர்ற பட்டை வடிவ எஸ்எஸ்டி) இதுல ஏறாது. எம்சாட்டா (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி) ஸ்லாட் இருக்கு, ஆனா அது நொடிக்கு 3 ஜிபிட் வேகம்தான். ஹார்டு டிஸ்க் இடம் 6 ஜிபிட். பேட்டரியைக் கழட்டிட்டு வேலையை ஆரம்பிங்க. பழைய டிஸ்கோட ரெண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் பட்டையை மறக்காம எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. இல்லாட்டி உள்ளே ஆடும், கனெக்டர்ல சரியா உட்காராது.

பதில் 2:
குளோன் (டிஸ்கை அப்படியே நகல்) பண்றதா இருந்தா 480 ஜிபி வேண்டாம், 500 எடுங்க. டிஸ்க்ல 100 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும், சின்ன டிரைவுக்கு மாத்த குளோன்ஸில்லா (நகல் எடுக்கிற இலவச மென்பொருள்) சாதாரணமா ஒத்துக்காது. முடிஞ்சதும் ரெண்டு டிரைவையும் சேர்த்து மாட்டி பூட் பண்ணாதீங்க.

கேள்வி கேட்டவர்:
பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது வர்ற அமைப்புத் திரை) சாட்டா மோடு 'கம்பாட்டிபிலிட்டி'ன்னு இருக்கே?

பதில் 2:
அதை ஏஹெச்சிஐ (சாட்டா டிரைவுக்கான புது மோடு) ஆக்கணும். நேரா மாத்தினா நீலத்திரை வரும். முதல்ல எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸோட பூட் அமைப்புக் கருவி) சேஃப் பூட் டிக் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்க, எஃப்1 அழுத்தி பயாஸ்ல மாத்துங்க. சேஃப் மோடுல திறந்ததும் டிக்கை எடுத்துடலாம்.